இரண்டாம் பக்கத்தில் மறந்துபோன பெயர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு தினேஷ் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பழைய அலுவலகத்தின் கணினி நிரல் பிரிவு அவன் பொறுப்பில் இருக்கிறது. நலம் விசாரிக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, ஒரு சைட்ல ஆள் உள்ள வந்துட்டு அடுத்த பக்கத்துக்குப் போனா, மறுபடி நீ யாருன்னு கேக்குது. செஷன் நிக்கவே மாட்டேங்குது. நம்ம ஒஃபிஸ்ல எல்லாம் சரியா ஓடுது. அந்தக் கஸ்டமருக்குத்தான் ஒழுங்காப் பாவிக்கத் தெரியல்லன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, பார்த்தியா?"

சிரித்தான். "வத்தேகமையில நடந்தத ஞாபகப்படுத்துறீங்க."

"நீதான் ஞாபகப்படுத்தினாய்."

"அதை எழுதி வையுங்கக்கா. இங்க புதுப் பிள்ளைங்க நாலு பேர் இருக்காங்க. நான் சொன்னா கதை அளக்கிறேன்னு சொல்றாங்க."

ஆகவே எழுதுகிறேன். இதில் அளந்தது எதுவும் இல்லை. அன்றைய குறிப்புப் புத்தகம் இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

நான் கணினி படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவள் அல்ல. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்பாதி எரிந்தது. பின்பாதியில் இருந்த ஏழு பேரும் மதில் ஏறிக் குதித்தோம். மூன்று வாரம் ஒரு பாடசாலையில் அகதிகளாக இருந்துவிட்டு, கண்டிக்கு அப்பாவிடம் திரும்பினேன். அப்பா மாநகர சபையில் எழுதுவினைஞர். பிறகு கண்டியில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு வருடம். அங்கே ஈய எழுத்து போய்க் கணினி வந்தது. நான் தட்டச்சிலிருந்து பக்க வடிவமைப்புக்கும், அதிலிருந்து இணையப் பக்கங்களுக்கும், அதிலிருந்து நிரலுக்கும் நகர்ந்தேன். பத்திரிகையிலிருந்து என்னோடு கூடவே வந்தது ஒரே ஒரு பழக்கம். எதைக் குறித்தாலும் புத்தகத்தின் ஓரத்தில் மணி எழுதுவேன்.

பேராதனை வீதியில் ஒரு மாடியில் இருந்த அந்தச் சிறிய நிறுவனத்தில் நான் சேர்ந்தபோது அதன் தலைவர் சிவநேசன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறுவனத்தை நடத்தினாரே தவிர, விசைப்பலகையை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் மேசையில் கணினியே கிடையாது. சீவிய பென்சில்கள் ஆறு, ஒரு கொப்பி, பால் போடாத தேநீர், அதன் பக்கத்தில் ஒரு துண்டுக் கருப்பட்டி. அவ்வளவுதான்.

யாராவது உள்ளே போய், "சேர், வேலை செய்யுதில்ல" என்றால் பென்சிலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். வீதியில் நாலு பஸ் போகும்வரை திரும்ப மாட்டார். 'வேலை செய்யவில்லை' என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு தகவலே அல்ல. திரையில் என்ன வந்தது, எந்தப் பொத்தானை அழுத்திய பிறகு வந்தது, மறுபடி செய்தபோதும் வந்ததா, அதுதான் தகவல். எங்கள் எல்லோருக்கும் ஒரு கொப்பி தந்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் கோடிழுத்து மூன்று பத்திகள்: கண்டது, கேட்டது, நினைத்தது. எந்தக் கோளாறானாலும் முதலில் அதை நிரப்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்ததை உடனே எழுத வேண்டும்.

"பிள்ளை, இது நீர் கண்டதோ, ஆரும் சொன்னதோ?" என்று கேட்பார். சொன்னது என்றால், "அப்ப ஏன் கண்டதுக்குள்ள கிடக்குது?" என்பார். எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. ஆனாலும் பிள்ளைதான். எனக்கு அது பிடித்திருந்தது. செய்தி ஆசிரியர்களிடமும் நான் இதையேதான் கேட்டு வளர்ந்தேன்.

அந்த வருடம் கொழும்பில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நாங்கள் ஓர் இணைய விண்ணப்பம் செய்தோம். போரில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இரண்டு வருடத் தொழில்நுட்பப் படிப்பு, தங்குமிடத்தோடு. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி. பிறகு பரீட்சைப் பெறுபேறு, குடும்ப விவரம், கடைசியில் உறுதிமொழி. அந்த நிரல் முழுவதும் நான் எழுதியது.

இணையத் தளம் இயல்பிலேயே மறதி பிடித்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், முன்பு வந்ததும் நீங்கள்தான் என்று அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் செஷன் என்ற ஏற்பாடு. அந்த வருடங்களில் கண்டியில் எந்தப் பெரிய கட்டடத்துக்குப் போனாலும் வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் இலக்கத் துண்டு தருவார்கள். உள்ளே எந்த மேசையிலும் அந்தத் துண்டைக் காட்டினால் போதும். செஷனும் அதேதான். சேர்வர் உங்கள் விவரங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, உங்கள் பிரவுசரின் கையில் ஓர் இலக்கத் துண்டைக் கொடுக்கும். குக்கி என்பது அந்தத் துண்டு. அடுத்த பக்கம் கேட்கும்போது பிரவுசர் அதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நீங்கள் புது ஆள்.

நான் அந்தத் துண்டில் ஒரு நேரமும் எழுதிவிட்டிருந்தேன். கொடுத்ததிலிருந்து இருபது நிமிடம்தான் செல்லும். ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போது நேரம் புதுப்பிக்கப்படும். பிள்ளைகள் விண்ணப்பிக்கப் போவது பொதுக் கணினி நிலையங்களில். ஒருத்தி பாதியில் எழும்பிப் போனால், அடுத்து வந்து உட்காருகிறவர் அவளுடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த ஊரையும் பார்க்கக் கூடாது. ஒரு தமிழ்ப் பிள்ளையின் முகவரி யார் கையில் கிடைக்கிறது என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல.

கடைசி நாள் வியாழன், மாலை நான்கு மணி. செவ்வாய்க்கிழமை, கண்டிக்கு அருகில் உள்ள சிறு நகரமான வத்தேகமையிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் நிஸாம். திகனைக்காரர். வத்தேகம பஸ் நிலையத்துக்கு அருகில் கணினி நிலையம் நடத்துகிறார்.

"மிஸ், ஒங்கட போரம் ஆளை ஏமாத்துது. முதல் பக்கம் நிரப்பி அடுத்துன்னு அமத்தினா ரெண்டாம் பக்கம் வருது. அதையும் நிரப்பி அமத்தினா, முதல் பக்கத்தப் பூர்த்தி செய்யுங்கன்னு வருது. பேரு, ஊரு எல்லாம் போய்ரும். இங்க பதினொரு புள்ளைகள் ஈக்கி. ஒருத்தரும் மூணாம் பக்கத்தக் கண்டதில்ல."

எங்கள் அலுவலகத்தில் ஐந்து கணினிகளில் பார்த்தேன். ஐந்திலும் சரியாக ஓடியது. அப்போது இருபத்து மூன்று வயதான தினேஷ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "தட்டத் தெரியல்ல அவங்களுக்கு. தோட்டத்துப் பிள்ளைங்க, இப்பத்தான் கொம்பியூட்டரைப் பார்க்குதுங்க."

கொழும்பு நிறுவனத்துக்கு நான் தொலைபேசியில் சொன்னபோது, அங்கிருந்த அலுவலர் அதைவிட ஒருபடி மேலே போனார். "உங்க மலைப் பக்கத்துல இருந்து இதுவரைக்கும் ஒண்ணுமே வரல்லங்க. ஆர்வம் இல்ல போல. அதுக்காக நாளை நீட்ட முடியாது."

சேர்வரின் வருகைப் பதிவைத் திறந்தேன். ஆர்வம் இல்லாதவர்கள் ஒரே மணித்தியாலத்தில் வத்தேகமையிலிருந்து முப்பத்தெட்டு தடவை வந்திருந்தார்கள். முப்பத்தெட்டும் புது ஆட்களாகப் பதிவாகியிருந்தன. சேர்வர் ஒவ்வொரு முறையும் துண்டு கொடுக்கிறது. பிரவுசர் ஒருமுறைகூடத் திருப்பிக் காட்டவில்லை. எனக்கு அன்றைக்கே தூக்கம் போய்விட்டது.

புதன்கிழமை முழுவதும் நிஸாமோடு தொலைபேசியில் இருந்தேன். குக்கி வாங்கக் கூடாது என்று பிரவுசரில் தடை போட்டிருக்கிறதா? இல்லை. வேறு தளங்கள் மறக்கின்றனவா? இல்லை. மின்னஞ்சலுக்குள் போனால் மணிக்கணக்காக நிற்கிறது. திகனையில் அவருடைய தம்பியின் கடையில் இதே பிரவுசரில் எங்கள் விண்ணப்பம் ஓடுகிறதா? ஓடுகிறது. கணினியில் திகதி சரியா? "திகதி சரியாத்தான் ஈக்கி மிஸ்." ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினேன்.

தினேஷ் ஒரு குறுக்கு வழி சொன்னான். துண்டின் இலக்கத்தை முகவரிப் பட்டையிலேயே போட்டுவிட்டால் பிரவுசர் காட்டத் தேவையே இல்லை. சிவநேசன் சேர் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த முகவரியை ஆரும் பார்த்து எழுதி வேறை கொம்பியூட்டரில அடிச்சால்?"

"அந்தப் பிள்ளையோட விவரம் வரும் சேர்."

"அந்தப் பிள்ளையின்ர அடையாள அட்டை இலக்கமும் வரும். வேண்டாம்." பிறகு என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். "பிள்ளை, இதில கண்டது எண்டு பெரிய பட்டியல் கிடக்குது. நீர் வத்தேகமைக்குப் போகவேயில்லையே?"

வியாழன் காலை ஒன்பதரைக்கு பஸ் ஏறினேன். பையில் கொப்பியும் என் நிரலின் பதினான்கு பக்க அச்சுப் பிரதியும் இருந்தன. அந்தப் பிரதியைக் கொண்டுபோனது முட்டாள்தனம். மகாவலிப் பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். என் பெயரை வாசித்துவிட்டுப் பையைத் திறக்கச் சொன்னான். அடைப்புக்குறிகளும் டொலர் குறிகளும் நிறைந்த பதினான்கு தாள்கள்.

"மே மொகத?" இது என்ன என்றான்.

கணினி நிரல் என்று சிங்களத்தில் சொன்னேன். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். இன்னொருவனைக் கூப்பிட்டான். அவன் ஒரு வரியில் விரல் வைத்து, "இது யாருக்கு அனுப்பும் செய்தி?" என்றான். அந்த வரி முதல் பக்கத்தைப் பூர்த்தி செய்யுங்கள் என்ற அறிவிப்பு. அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பஸ் போய்விட்டது. பெரிய அதிகாரி ஒருவர் வந்து, தன் மகனும் கணினிதான் படிக்கிறான் என்று சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்தபோது பதினொன்று இருபது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன்.

நிஸாமின் நிலையம் ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடி. ஆறு கணினிகள், பச்சை நிறச் சுவர், அதில் பெரிய வட்ட மணிக்கூடு. பதினொரு பேரும் இருந்தார்கள். எட்டுப் பெண்கள், மூன்று பையன்கள். நிஸாம் ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"கலைவாணிக்குப் பக்கத்துல இரிங்க மிஸ். இவதான் கூடத் தரம் அடிச்சவ. கீபோர்ட்ல எழுத்து தேஞ்சி போச்சி."

கலைவாணி மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவள். வயது இருபத்திரண்டு. இந்தப் படிப்புக்கு எல்லை அதுதான். அடுத்த வருடம் விண்ணப்பிக்க முடியாது. தினேஷ் சொன்னதற்கு மாறாக, கீபோர்ட்டைப் பார்க்காமல் அடித்தாள்.

"எத்தனை முறை நிரப்பினீங்க?" என்று கேட்டேன்.

"பத்தொம்பது மிஸ். இது இருவது. இன்னைக்கும் போகலன்னா வர்ற மாசம் செக்ரோல்ல பேர் போட்ருவாங்க. அம்மா தொரைகிட்ட சொல்லிட்டாங்க." தோட்டத்தில் வேலைக்குப் பதிகிற இடாப்புதான் செக்ரோல். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இதுதான் என் பேர மறந்துருது. செக்ரோலு மறக்காது."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மறதியை எழுதியவள் நான்.

எதையும் தொடாமல், எதையும் சொல்லாமல், கண்டதை மட்டும் எழுதுவது என்று உட்கார்ந்தேன். அவள் அடித்தாள், நான் எழுதினேன். பெயர் அடித்தாள். அடையாள அட்டை இலக்கம். முகவரி என்ற இடத்தில் வீதி இல்லை, தோட்டமும் பிரிவும் லயம் என்ற வரிசைவீட்டின் இலக்கமும். 'அடுத்து' என்பதை அழுத்தினாள். இரண்டாம் பக்கம் வந்தது. பெறுபேறுகளை அடித்தாள், அழுத்தினாள். "முதலாம் பக்கத்தைப் பூர்த்தி செய்யுங்கள்." அவள் பிழையாக ஒரு விசைகூட அழுத்தவில்லை. ஆனாலும் அதே அறிவிப்பு. பதினொரு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என் கொப்பியைப் பார்த்தேன்.

ஓரத்தில் வழக்கம்போல மணி எழுதியிருந்தேன். 12.48 பெயர். 12.51 'அடுத்து' அழுத்தல். 1.21 இரண்டாம் பக்கம். 12.53 பெறுபேறு. 1.25 அறிவிப்பு.

அரை மணித்தியாலம் முன்னே போய்ப் பின்னே வந்திருந்தது. ஒப்புநோக்கும் கண்ணுக்கு இப்படிப்பட்டது முள்ளாகக் குத்தும். முதலில் என் கைப்பிழை என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. என் கைக்கடிகாரம் மடியிலிருந்த பைக்கு அடியில் மறைந்த நேரங்களில் திரையின் மூலையில் இருந்த மணியைப் பார்த்து எழுதியிருக்கிறேன். கையைத் தூக்கிப் பார்த்தேன்: 12.57. திரையின் மூலை: 1.27. பக்கத்துத் திரை: 1.27. சுவர் மணிக்கூடு: ஒன்றரை ஆக மூன்று நிமிடம்.

நான் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது.

"நிஸாம், உங்க மணிக்கூடு எல்லாம் பிழை!"

அவர் அசையவில்லை. "பிழை இல்ல மிஸ். வேணுமின்டுதான் வெச்சீக்கி. அரை மணி முந்தி."

"எல்லாக் கொம்பியூட்டரிலுமா?"

"எல்லாத்திலயும். ஒருத்தரும் மாத்த ஏலாது, பூட்டியும் வெச்சீக்கி." கதிரையை நிமிர்த்திக்கொண்டே சொன்னார். "மடுல்கெல்ல பஸ் அஞ்சு மணிக்கு. அதுக்குப் பொறகு போனா செக்பொயின்ட்ல புடிச்சி வெச்சிடுவாங்க. போன வருஷம் ரெண்டு புள்ளைகள் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு இருந்து பஸ்ஸ விட்டாங்க. ரெண்டு வாப்பாமாரும் தோட்டத்துல இருந்து நடந்து வந்து, விடியச் சாமத்துலதான் கூட்டிட்டுப் போனாங்க. அண்டைக்கே முந்தி வெச்சேன்."

"இவங்களுக்குத் தெரியாதா?"

"எங்களுக்குத் தெரியும் மிஸ்," என்றாள் கலைவாணி. "தெரிஞ்சாலும் அதுல அஞ்சுன்னா எழும்பிருவோம். எங்க வாட்சுகூட அதைப் பார்த்துத்தான் வச்சிருக்கோம்."

என் துண்டில் நான் எழுதிய நேரத்தை நினைத்துக்கொண்டேன். சேர்வர் 12.51க்குத் துண்டு கொடுக்கிறது: 1.11 வரை செல்லும். வத்தேகமைப் பிரவுசர் அதை வாங்கித் தன் மணிக்கூட்டைப் பார்க்கிறது: 1.21. பத்து நிமிடம் முன்பே காலாவதியான துண்டு. வாங்கிய நொடியிலேயே வீசிவிடுகிறது. மின்னஞ்சல் தளத்தின் துண்டில் நேரமே இல்லை, அதனால் அது நின்றது. திகனைத் தம்பியின் மணிக்கூடு சரி, அதனால் அங்கே ஓடியது. இரண்டு நாளாகச் சேராத விவரங்கள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தின. நாற்பது வருட வேலையில் அப்படி ஒரு நிமிடம் எனக்கு வேறு வாய்க்கவில்லை.

கொப்பியைப் பின்னால் புரட்டினேன். புதன்கிழமை, 'கண்டது' பத்தியில், என் கையெழுத்தில்: "திகதி, நேரம் சரி." நிஸாம் சொன்னது திகதியை மட்டும். நேரம் என்ற சொல் என்னுடையது. நான் அதைக் காணவும் இல்லை, கேட்கவும் இல்லை.

நினைத்ததைக் கண்டதாக்க வேண்டும். நிஸாம் கடவுச்சொல்லைப் போட்டுக் கலைவாணியின் கணினியை மட்டும் அரை மணி பின்தள்ளினார். அவள் அடித்தாள். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். அழுத்தினாள்.

மூன்றாம் பக்கம் வந்தது.

பின்னால் ஒரு பெண் வீரிட்டாள். கீழே இரும்புக் கடையிலிருந்து யாரோ, "என்ன மேல, வெடிச்சிட்டா?" என்று கத்தினார். அந்தக் காலத்தில் அந்தக் கேள்வி பகிடி அல்ல. நிஸாம் படியில் பாதி இறங்கி, "இல்ல இல்ல, பக்கம் வந்துட்டு!" என்று பதில் கத்தினார்.

நிஸாமின் கைத்தொலைபேசிக்குப் படி ஜன்னலில்தான் சிக்னல் கிடைத்தது. அங்கே நின்று சிவநேசன் சேரிடம் சொன்னேன். மற்ற ஐந்து கணினிகளையும் இன்றைக்குத் திருத்திவிடலாமா என்று கேட்டேன்.

"அந்த மணிக்கூட்டில கை வையாதையும்," என்றார். "அது என்னத்துக்கு முந்தி ஓடுது எண்டு அவருக்குத் தெரியும். உம்மட துண்டு ஏன் ஊரான்ர மணிக்கூட்டை நம்புது? வத்தேகமையில ஒண்டு பிழை எண்டால், நாடு முழுக்க எத்தினை? எல்லாத்தையும் பஸ்ஸில போய்த் திருத்துவீரோ?"

சரிதான். துண்டில் நேரம் எழுதக் கூடாது. துண்டை யார் எப்போது வாங்கினார் என்று வாசலில், சேர்வரில், நம் மணிக்கூட்டில் பார்க்க வேண்டும். இருபது நிமிடத்தை நொடிகளாகச் சொல்லும் ஓர் எண்ணை மாற்றி, மூன்று வரி சேர்த்தால் போதும்.

"தினேஷைக் கூப்பிடுங்க சேர், நான் சொல்லச் சொல்ல மாத்தட்டும்."

"அவன் சாப்பிடப் போட்டான். ஒருத்தரும் இல்லை." பிறகு கதிரை இழுக்கும் சத்தம். "சொல்லும். நான் அடிக்கிறன்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்டி அலுவலகத்தில், என் மேசையில், சிவநேசன் சேர் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கோப்பைத் திறக்கவே பத்து நிமிடம். "பதினோராம் வரி. ஆயிரத்து இருநூறு எண்டு கிடக்குது. அழிச்சிட்டன். பூச்சியம் போட்டாச்சு. இனி?" ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு விரலால் தேடி, அடித்து, வாய்விட்டுச் சொன்னார். "அடைப்பு திறந்திட்டன். டொலர். இந்தச் சனியன் எங்கை இருக்குது... கண்டிட்டன். அடைப்பு மூடியாச்சு. பிள்ளை, கடைசியில அரைப்புள்ளி எண்டு சொன்னனீரோ, நான் நினைச்சனோ?"

"சொன்னேன் சேர்!"

படியெங்கும் பிள்ளைகள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அடைப்பு மூடிய ஒவ்வொரு முறையும் நான் தலையாட்ட, அவர்கள் கைதட்டினார்கள். இரண்டு மணிக்குச் சேமித்தார். நான் முதலில் கலைவாணியின் கணினி மணியைப் பழையபடி அரை மணி முந்தி வைக்கச் சொன்னேன். நிஸாம் வைத்தார். பிரவுசரை மூடித் திறந்தோம். நாங்கள் படியில் நின்ற நேரத்தில் பழைய துண்டு காலாவதியாகிவிட்டதால், அவள் இருபத்திரண்டாம் தடவையாகத் தன் பெயரை அடித்தாள்.

இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். குடும்ப விவரம் நிரப்பும்போது மட்டும் விரல் தடுமாறி, அப்பாவின் பெயரை இரண்டு முறை அழித்து எழுதினாள். நான்காம் பக்கம். உறுதிமொழி. அனுப்பினாள். விண்ணப்ப இலக்கத்தோடு பற்றுச்சீட்டு வந்தது. மேலே அவள் பெயர், முழுதாக.

இந்த முறை யாரும் கத்தவில்லை. அவள் பற்றுச்சீட்டை மேலிருந்து கீழே மெதுவாக வாசித்தாள். பிறகு திரையின் மூலையைக் காட்டினாள்.

"மிஸ், இங்க மணி ரெண்டு அம்பத்தஞ்சு. இதுல ரெண்டு இருவத்தஞ்சுக்கு அனுப்பினதா போட்டிருக்கு. அனுப்புறதுக்கு முன்னமே போய்ருச்சி!"

மூன்று நாற்பதுக்குப் பதினோராவது விண்ணப்பமும் போனது. நான் கொழும்பு அலுவலரைக் கூப்பிட்டு, மலைப் பக்கத்துப் பட்டியலை இப்போது ஒருமுறை பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "ஓ" என்றார். சுவரில் நாலரை ஆனதும் பிள்ளைகள் எல்லோரும் பையை எடுத்தார்கள். உண்மையில் நான்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் சிவநேசன் சேர் என் கொப்பியில் அந்த "நேரம்" என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டார். விசைப்பலகையை அவர் மறுபடி தொட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து, நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் வத்தேகமையிலிருந்து மூன்று பேர். கலைவாணியும் இருந்தாள். கண்டியில், காலை ஒன்பது மணிக்கு. பிந்தி வருபவர்களை உள்ளே எடுப்பதில்லை என்று கடிதத்தில் போட்டிருந்தது. அன்று காலை பாலத்துக்கு அப்பால் எங்கோ ஏதோ பொதி கிடந்ததாகச் சொல்லி, சாவடியில் எல்லா பஸ்களையும் நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்துக்கே பலர் பிந்தி வந்தார்கள். நான் ஜன்னலோரம் நின்று அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். நேர்முகம் நன்றாக நடந்ததாம், இடம் கிடைத்துவிடும் போலிருக்கிறதாம். கிடைத்தது என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் எனக்கு அப்போது கேட்க இருந்தது வேறு.

"சாவடியில நிப்பாட்டினாங்களா?"

"நிப்பாட்டினாங்க மிஸ். இருவத்தஞ்சு நிமிஷம். எல்லாரும் அழாத குறை." மூச்சு வாங்கச் சிரித்தாள். "நான் வெள்ளென பஸ்லயே வந்துட்டேன்ல. என் வாட்ச நிஸாம் நானாவோட சுவரப் பார்த்துத்தானே வச்சிருக்கேன். உள்ள போறப்ப எனக்கு அஞ்சு நிமிஷம் மிச்சம்."